தயிருக்குச் சீனி போட்டது நானில்லை

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "கிரேக்க ரொட்டிக்குச் சீனி போட்ட பெட்டை இவள்தானே?" என்று யாராவது என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். அம்மாவும் பக்கத்தில் நின்று சேர்ந்து சிரிப்பார். நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டேன்; இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் போடவில்லை.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான அடம்பனுக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. அப்பா கடைசிச் சண்டையில் காணாமற் போயிருந்தார். நாங்கள் இருந்த காணியோ பெரியப்பாவின் பெயரில். அவர் அரசாங்கக் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைத்து அம்மாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால்தான் வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கல்வீடு. கிரேக்க நாட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இருபது வருடம் சமைத்த பெரியப்பா அதற்காகவே வந்திருந்தார். வந்து நாலு நாளாகியும் "யோசிப்பம்" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மா அவருக்கு முன்னால் சத்தமாக இருமக்கூட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், இன்றைக்குத் தன் சமையல் என்று பெரியப்பா அறிவித்தார். எலும்பெடுத்த கோழியைச் சிறிதாக வெட்டி, தேசிக்காய் பிழிந்த புளி, உள்ளிப் பூண்டு, எண்ணெய், பெட்டியில் கொண்டுவந்த ஏதோ ஒரு காய்ந்த இலைத்தூள் எல்லாம் போட்டுப் பிரட்டினார். தூள் கற்பூரவள்ளி போல மணத்தது. மருந்துக்கும் மிளகாய் இல்லை. எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் கோப்பையில் வழித்து வைத்தார்.

"நான் குளிச்சிட்டு வந்துதான் இதைக் கூட்டுவன். ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

நான் வெள்ளரிக்காய் துருவிக்கொண்டிருந்தேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா, தயிரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஐயோ, மனுசன் சீனி போட மறந்திட்டார்" என்று மூன்று கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. சீனியோ பனங்கட்டியோ கையில் இல்லாமல் எங்கள் ஆட்கள் தயிர்ச் சட்டிக்குக் கிட்டவே போவதில்லை.

பெரியப்பா வந்து, ருசி பாராமலே வெள்ளரிக்காயும் உள்ளியும் உப்பும் கூட்டி, ரொட்டியில் பூசி, பொரித்த கோழியை வைத்துச் சுருட்டிக் கடித்தார். முகம் கோணிப் போயிற்று.

"ஆர் இதுக்குள்ள சீனி போட்டது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அடுத்த கணம் என் முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"இவள்தான் அத்தான். சொல்வழி கேளாத சனியன்."

"நானில்லை! அம்மா..." என்று தொடங்கினேன். இன்னொன்று விழுந்தது.

"விடு பிள்ளை, சின்னனுக்கு என்ன தெரியும்" என்று பெரியப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த இனிப்பு ரொட்டியில் மூன்றை உள்ளே தள்ளினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வேறு! வேலியோரம் போய் நின்று அழுதேன். முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

பின்னேரம் அம்மா ஒரு ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து, "சாப்பிடடி" என்று நீட்டினார். தட்டிவிட்டேன். மண்ணில் விழுந்ததை எடுத்துத் துடைத்து அவரே தின்றார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பெரியப்பா கையெழுத்து வைத்தார்.

அந்தக் கொட்டிலில் பழி சுமக்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பத்து வயதுப் பிள்ளை சொல் கேட்காவிட்டால் பெரியப்பா சிரிப்பார். தம்பியின் பெண்சாதி கேட்காவிட்டால் சிரிப்பாரா என்று அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்கு இது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. மூன்று கரண்டி சீனிக்கு வீடு கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு மனுசி நடுங்க வேண்டியிருந்ததை நினைக்க நினைக்க அது கூடித்தான் போகிறது.