வியாழக்கிழமை மட்டும் தெரியும் கண்கள்

போன வியாழக்கிழமை திருப்பதியில் ஆட்டோ ஏறினோம் — நானும் என் மனைவி மஞ்சுளாவும். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் புத்தூர் பஸ் பிடிக்க வேண்டும்.

மஞ்சுளாவின் மொட்டைத் தலையைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், முகமெல்லாம் சிரிப்பாகத் தெலுங்கில் கேட்டார்: "தர்சனம் பாகா அயிந்தா அம்மா?"

வேறு ஊராக இருந்தால் அந்தத் தலையைப் பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்றிருப்பார்கள். திருப்பதியில் மொட்டை என்றால் மலைதானே? கீமோ என்று யாருக்குத் தோன்றும்?

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "தரிசனம் நல்லா ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டாள்.

உடனே அவரும் தமிழுக்கு மாறினார். "குடுத்து வெச்சவம்மா நீ! மத்த நாள்ல நாமம் சாமி கண்ண மறைச்சிக்கினு இருக்கும். வியாழக்கெழமதான் நாமத்தச் சின்னதாக்குவாங்க. இன்னிக்கு உன்ன நேரா பாத்துட்டாரு. இனிமே ஒரு கொறையும் வராது, போ!"

சற்று முன்னால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார் — மருந்து கேட்கவில்லை, நிறுத்திவிடலாம், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று. அவளிடம் ஆறுதலுக்கு இதை மட்டும் சொன்னார்: "முடி திரும்ப வளந்துடும்மா."

'பெருமாள் ஏதாவது காரணம் வெச்சிருப்பாரு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன காரணம் ஐயா? ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவளை இப்படி வதைப்பதில் என்ன காரணம் இருக்க முடியும்? பார்த்தும் விட்டுவிட்டாரா, பார்க்கவே இல்லையா — இதில் எதை நம்பினால் எனக்குத் தூக்கம் வரும்?

நோய் தெரிந்த அன்றே அவள் நேர்ந்துகொண்டாள். குணமானால், இடுப்புவரை இருந்த முடியை மலைக்கு வந்து கொடுப்பதாக. இரண்டாவது கீமோவிலேயே அது தலையணையில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டிக் குப்பையில் போட்டார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னாங்க… முடி வளந்ததும் என்ன மலைக்கு இட்டுக்கினு போங்க. நேந்துக்கினத குடுத்துடணும்."

"கொணமானாதான குடுக்கறேன்னு சொன்ன?"

"ஆமா. அதுக்குக் காத்துக்கினு இருந்தா… குடுக்கவே முடியாதே."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாமே. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நகரி ரோட்டில் போன லாரிகளைத்தான் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவாள். அவளைக் காப்பாற்ற வேண்டியவர்தான்… வியாழக்கிழமை மட்டும் பார்க்கிறார்.