கண்ணுசாமி சொன்ன சத்தம்

பரணிதரன் சென்னையில் ஒரு கார் கம்பெனியின் எஞ்சின் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு ஊர் திரும்பி, தஞ்சாவூர் நாகை சாலையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டான். வண்டியின் கம்ப்யூட்டரோடு லேப்டாப்பை இணைத்து, எஞ்சின் ஓடும் விதத்தையே மாற்றி அமைப்பது அவன் தொழில். கையில் கிரீஸ் படாத மெக்கானிக் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு மார்கழியில் பேராவூரணி தேங்காய் வியாபாரி சிங்காரவேலு தன் புது பெட்ரோல் லோடு வேனோடு வந்தார். கூடவே டிரைவர் கண்ணுசாமி. பதினாலு வருடமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவர்.

"பாலம் ஏற மாட்டேங்குது தம்பி. மேட்டு நடுவுல ஒரு மாடு வந்து நின்னா போச்சு, மறுபடி எடுக்கிறதுக்குள்ள பின்னால உருளுது" என்றார் சிங்காரவேலு.

"மொத கியர்ல முக்குது சார். வேகம் புடிச்சிட்டா நல்லாத்தான் ஓடுது" என்றார் கண்ணுசாமி.

அவர் சொன்ன ஒரே வரியில் பரணிதரனுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. காற்று உள்ளே வரும் வால்வு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதை அந்த எஞ்சினில் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். கம்பெனியில் அதை வேகமாக ஓடுவதற்கு ஏற்றபடி அமைத்திருந்தார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வால்வு மூடத் தாமதமானால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். அவன் அதைச் சற்று முன்னதாகவே மூட வைத்தான். காற்று வரும் குழாயில் நீளம், குட்டை என்று இரண்டு வழிகள் உண்டு. நீள வழிதான் மெதுவான ஓட்டத்தில் நிறைய காற்றை நிரப்பும். குட்டை வழி திறக்கும் நேரத்தைத் தள்ளிப் போட்டான். இழுவை கூடியது.

ஆனால் உள்ளே காற்று நிறைந்து நெருக்கம் கூடினால் சூடும் கூடும். சூடு மிஞ்சினால் பெட்ரோல், ஸ்பார்க் பிளக்கின் பொறிக்குக் காத்திராமல் தானாக வெடிக்கும். அந்த அதிர்வைக் கேட்பதற்கென்றே எஞ்சினில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதமாக்கும், இழுவை குறையும். சோதனை ஓட்டத்தில் அப்படித்தான் குறைந்துகொண்டே இருந்தது. வால்வு நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தால் பிரச்சனை முடிந்திருக்கும். ஆனால் நடுமேட்டில் நிறுத்தி எடுத்தாலும் உருளாது என்று சிங்காரவேலுவிடம் பெரிதாகச் சொல்லிவிட்டானே. அவன் சென்சாரின் கூர்மையைக் குறைத்துவிட்டான். பனிக்காலம், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முழு லோடோடு கல்லணைக் கால்வாய்ப் பாலத்தின் நடுமேட்டில் நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது. சிங்காரவேலு அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். பரணிதரனின் பட்டறைக்கு வரிசையாக வண்டிகள் வந்தன. அவற்றிலும் சென்சாரை அப்படியே மந்தமாக்கினான்.

பங்குனியில் கண்ணுசாமி தனியாக வந்தார்.

"மேடு ஏறுறப்ப ஒரு சத்தம் வருது சார். தகர டப்பால கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி."

அது பெட்ரோல் தானாக வெடிக்கும் சத்தம் என்று பரணிதரனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வேறொரு வண்டி லிஃப்டில் காத்து நின்றது. "பெட்ரோல் சரியில்லாம இருக்கும். வேற பங்க்ல போட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டான்.

சித்திரையில் கண்ணுசாமியிடமிருந்து போன் வந்தது. "வெயில் ஏற ஏறச் சத்தம் அதிகமாவுது சார். மொதலாளிகிட்ட சொல்லட்டுங்களா?"

"வேணாம், அவரு பயந்துக்குவாரு. அடுத்த வாரம் கொண்டு வாங்க, நானே பார்த்துச் சொல்றேன்."

அந்த அடுத்த வாரத்துக்குள் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கட்டி இழுத்துவந்து பிரித்தார்கள். ஒரு பிஸ்டன் ஓரம் உடைந்து, சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறியிருந்தது. சிங்காரவேலுவும் கண்ணுசாமியும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார் சிங்காரவேலு.

பரணிதரன் வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தான். வந்தது வேறு. "சத்தம் வந்திருக்கும். அதோடயே ஓட்டியிருக்காங்க."

சிங்காரவேலு கண்ணுசாமி பக்கம் திரும்பினார். "சத்தம் வந்துச்சாடா?"

"வந்துச்சு மொதலாளி" என்றார் கண்ணுசாமி. சொல்லிவிட்டுப் பரணிதரனைப் பார்த்தார். மீதியை அவன் சொல்லுவான் என்று காத்திருந்தார். பரணிதரன் உடைந்த பிஸ்டன் துண்டைக் குனிந்து எடுத்து, துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"வந்தும் ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

கண்ணுசாமி இன்னும் பரணிதரனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரவேலு அங்கேயே, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கண்ணுசாமி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார்.

பரணிதரன் புது எஞ்சின் மாட்டி, அமைப்பைச் சத்தமில்லாமல் பழையபடி ஆக்கினான். மற்ற வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டு, அப்டேட் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி, சென்சார்களைச் சரிசெய்தான். அதையெல்லாம் செய்தால் மனசு ஆறும் என்று நினைத்தான். ஆறவில்லை. எஞ்சினைக் கருக்கியவர் என்று பேர் வந்ததில், பேராவூரணிப் பக்கம் கண்ணுசாமிக்கு யாரும் வண்டி தரவில்லை என்று கேள்விப்பட்டான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

தை மாதம், ஒரத்தநாட்டுப் பக்கம் கண்ணுசாமி அறுவடை மெஷின் ஓட்டுகிறார் என்று தெரிந்து தேடிப் போனான். உச்சி வெயிலில் மெஷின் வரப்போரம் நின்றது. கண்ணுசாமி தலைத்துண்டை அவிழ்த்துத் தூசியை உதறினார்.

"எம்மேலதான் தப்பு" என்றான் பரணிதரன். "நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க. எனக்கு அப்பவே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் சார்."

"அன்னைக்கு ஏன் அவருகிட்ட சொல்லல?"

"நீங்க படிச்சவரு, நான் டிரைவரு. ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா அவரு யாரை நம்புவாரு? நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன்." தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். "மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? தெரிஞ்சவன்கிட்டயே வந்து சொன்னா என்ன அர்த்தம்?" கோபமில்லாமல்தான் கேட்டார். மெஷினில் ஏறிக்கொண்டார்.

பரணிதரன் அங்கிருந்து நேராகப் பேராவூரணி போனான். களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். சென்சாரை மந்தமாக்கியது, சொல்ல வேண்டாம் என்று தடுத்தது, கடைசியில் பழியைத் திருப்பியது.

சிங்காரவேலு எண்ணுவதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "அந்த மனுசனை நடுரோட்டுல வச்சு என்னென்ன கேட்டேன்..." என்றார். அங்கேயே போன் போட்டார். அதுவரை வாடா போடா என்றவர், "கண்ணுசாமி, வந்துடுங்க" என்றார்.

"அறுப்பு ஓடிக்கிட்டிருக்குங்க. பாதில விட்டுட்டு வர முடியாது" என்றது மறுமுனை.

அறுப்பு முடிந்தபிறகும் அவர் வரவில்லை. மெஷின் முதலாளியோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். சிங்காரவேலு நடந்ததை யாரிடமும் மறைக்காமல் சொன்னதால், பரணிதரனிடம் வந்துகொண்டிருந்த வண்டிகளில் பாதி நின்றுபோயின. அதை அவன் யாரிடமும் குறை சொன்னதில்லை.

போன ஆவணியில் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். கண்ணுசாமிதான் முதலில் பேசினார்.

"நல்லாருக்கீங்களா சார்?"

"இருக்கேன்" என்றான் பரணிதரன். அந்த சார் என்ற சொல்லை வேண்டாம் என்று சொல்ல நா வரை வந்தது. அதற்குள் பஸ் வந்து, கண்ணுசாமி ஏறிவிட்டார்.