கம்பளித் தொப்பியோடு பட்மின்டன்

மார்கழிப் பனிக்குப் பயந்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதன்மேல் கம்பளித் தொப்பியையும் இழுத்துவிட்டு மூன்று கிழமை பட்மின்டன் ஆடியவன் நான். வெட்கம்தான். அந்த இருபத்தொரு நாள் முடிவதற்குள் என் மூளையில் ஏதோ பெரிய வருத்தம் என்று நம்பியது அதைவிட வெட்கம்.

இணுவிலில் இருந்து மானிப்பாய் விளையாட்டு மண்டபத்துக்கு விடியப்புறம் சைக்கிளில் போவேன். வியர்த்த தலையில் பனி ஏறிவிடும் என்று ஆடும்போதும் தொப்பியைக் கழற்றுவதில்லை. பந்து வருவது தெரியும், றக்கற்றை வீசுவேன், பந்து எனக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். என் சோடியாக ஆடும் இளையவர் தபால் கந்தோர்க்காரர். ஒவ்வொரு தடவையும் ஏதோ வாயசைப்பார். ஆறுதல் சொல்கிறார் என்று சிரித்துவைப்பேன்.

முதலில் றக்கற்றின் நரம்பை மாற்றினேன். பிறகு மூக்குக்கண்ணாடியை. மிஞ்சியது மூளை. அதைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் வாசித்தேன். அவற்றில் இருந்த நோய்கள் அத்தனையும் எனக்கு வந்தன. ஒரு பின்னேரம் மனைவியைக் கூப்பிட்டு, காணி உறுதிப் பத்திரம் இருக்கும் அலுமாரியை, நான் போனபிறகு தேடக்கூடாதே என்று காட்டினேன்.

“அது நான் அடுக்கின அலுமாரி. முதல் டொக்டரிட்டைப் போங்கோ.”

டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்; நின்றேன்.

“ஒரு குறையும் இல்லை, ஐயா. விளையாடேக்க புதிசாய் ஏதும் செய்யிறியளே?”

பஞ்சையும் தொப்பியையும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“எதிர்ப்பக்கம் அடிக்கிற சத்தத்தை வைச்சும்தான் பந்து என்ன வேகத்திலை வருமெண்டு மூளை பிடிக்கும். கண்ணும் காதும் சேந்து சொன்னால் கை நேரத்துக்கு எழும்பும். நீங்கள் காதைப் பூட்டிப்போட்டுக் கண்ணை மட்டும் வேலை வாங்கியிருக்கிறியள்.”

திரும்பும்போது எதிர்க்காற்று. இருந்தும் சைக்கிள் தன்பாட்டில் போனது. இத்தனை சந்தோசமாக நான் முட்டாளாக இருந்ததில்லை.

மறுநாள் வெறுங்காதோடு இறங்கினேன். ‘டப்’ என்று பலத்த அடி. கால் தானாகப் பின்னுக்குப் போனது. ‘டிக்’ என்று ஒரு தட்டல், வலையடிக்கு ஓடினேன். பதினேழு புள்ளி எடுத்துத் தோற்றோம். எனக்கு அதுவே வெற்றி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சோடிக்காரருக்குப் பஞ்சுக் கதை முழுவதையும் சொன்னேன்.

“அப்ப, அண்ணை, மூண்டு கிழமையாய் நான் பேசின ஏச்சு ஒண்டும் உங்களுக்குக் கேக்கேல்லையே? நானெண்டால், என்ன ஒரு பொறுமையான மனிசன் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்.”