காலியான பால்வாடி நிரம்பிய கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் மீஞ்சூரில் குடியிருந்தோம். கணவருக்கு எண்ணூரில் தொழிற்சாலை வேலை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சமூகக் கூடம் இருந்தது. காலையில் அங்கே பால்வாடி நடக்கும், மாலையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு.

என் மகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இளம்பிள்ளை வாதமாகி, இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் பேச்சாவது நன்றாக வரும் என்று பால்வாடியில் சேர்த்தேன். மறுநாளே தெருப் பெண்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"எங்க புள்ளைங்களுக்கு ஒட்டிக்கினா யாரு பாக்கறது?"

டீச்சர் பதற்றப்படவில்லை. "டாக்டரைக் கேட்டுட்டேன், இப்ப ஒட்டாதுன்னு சொல்லிட்டாரு. அப்பிடியும் பயமா இருந்தா கொஞ்ச நாள் ஊட்லயே வெச்சுக்குங்க. இந்தப் புள்ளய நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே அவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நாளாக நாளாகக் கூடமே வெறிச்சோடியது. பிள்ளைகள் வராவிட்டால் பால்வாடியை மூடிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். என்னால் எதற்கு இந்த வம்பு என்று ஒரு நாள் காலை, "இனிமே இவன் வரமாட்டான் டீச்சர்" என்று சொல்லி மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து சந்தையில் மீன் விற்பவள். கூடையை வெளியிலேயே இறக்கிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், எடம் காலியாத்தான கீது. எங்க புள்ளைங்கள உட்டுட்டுப் போனா பாத்துப்பீங்களா? சந்தையில வெயில்ல காயுதுங்க."

"தாராளமா கூட்டினு வாம்மா. இத்தினி நாளா ஏன் வரல?"

"மீன் நாத்தம்னு சொல்லுவாங்கன்னு வரல" என்றாள் அவள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் மகனின் காலைக் காட்டி, "இதுக்குப் பயந்துதான் மத்தவங்க நின்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அவன் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள். "எங்க குப்பத்துலயும் ஒரு பொண்ணுக்கு இப்டிதான் கீது. எல்லாப் புள்ளைங்களும் அது கூடத்தான் ஆடுதுங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. நீ எறக்கி உடு தங்கச்சி."

இறக்கிவிட்டேன். மறுநாளிலிருந்து மீன்காரப் பெண்களின் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் என் மகனை ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்துக் கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவன் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சத்தம் தெருவில் இருந்த பிள்ளைகளைச் சும்மா இருக்கவிடவில்லை. ஜன்னலில் தொற்றிப் பார்த்தார்கள், வீட்டில் அழுதார்கள். பால்வாடியில் போடும் கோதுமை ரவை உப்புமாவுக்கும் ஏங்கியிருப்பார்கள். ஒவ்வொரு வீடாகத் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக்காரிதான் கடைசி. என் முகத்தைப் பார்க்காமல் மகளை உட்கார வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் கழித்துத் தையல் வகுப்பில் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் புள்ள இப்ப நல்லாப் பேசறானே" என்றாள்.

என் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று போனவள் நான். இன்றைக்கும் எந்தப் பொதுக்கூடத்துக்குள் நுழைந்தாலும், உள்ளே வரத் தயங்கி யாராவது வெளியே நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.