தீர்த்தகிரியின் ஆப்பிள் மரம்

கோடாலியை ஓங்கிக்கொண்டு, "காய்க்கிறயா, வெட்டட்டுமா?" என்று மரத்தை அதட்டுகிறார் தீர்த்தகிரி. காய்க்காத மரத்தை ஒருவர் இப்படி மிரட்ட, இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து, "வேண்டாமுங்க, வார வருசம் காய்ச்சிரும்" என்று கெஞ்ச வேண்டும். அதுதான் முறை. கெஞ்ச வேண்டியவள் மனைவி நல்லம்மாள். அவளோ மிளகாய்ப் பாத்தியிலிருந்து நிமிராமலே, "வெட்டுங்க, அடுப்புக்காச்சும் ஆகும்" என்கிறாள். தினமும் நடக்கிற கூத்து இது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஆப்பிள் வளர்க்கிறவர் இவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் புத்தி இருக்கிறது.

ஏற்காட்டுக்கு எரு வண்டி ஓட்டிப் போனபோது, துரை பங்களாச் சமையற்காரர் ஓர் ஆப்பிளை அறுத்துக் கொடுத்தாராம். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மனைவிக்கென்று துண்டில் முடிந்துகொண்டார். வண்டி மலையிறங்குவதற்குள் அது கறுத்துவிட்டது. "அழுகலையா ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க?" என்று நல்லம்மாள் அதை எருமைக்குப் போட்டுவிட்டாள். "அத்தன இனிப்புங்க சாமி! அவ நம்பவே மாட்டீங்கறா" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது. மறுநடையில் ஒட்டுக்கன்று கேட்டு வாங்கி வந்தது அந்த ரோஷத்தில்தான்.

கன்று இடுப்புயரம் வந்தது, பூக்கவில்லை. "மலைக்குளுரு கேக்குதுங்க" என்று மண்பானைத் தண்ணீராகப் பார்த்து ஊற்றினார். கருவாடு புதைத்தார். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். கிணறு வற்றிய கோடையில் மிளகாய்க்கு வைத்திருந்த தண்ணீரும் இதற்கே போயிற்று. வீட்டில் சண்டை மூண்டது அங்கேதான்.

போன மாதம் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஓரிலை விடாமல் மேய்ந்துவிட்டது. மனிதர் இடிந்துபோனார். "வெள்ளிக்கெழம கழியட்டும், நெசமாலுமே வெட்டிர்றேன்" என்று இந்த வாரம்தான் மனைவியிடம் வாக்குக் கொடுத்தார்.

இன்று சனிக்கிழமை. நான் போனபோது கோடாலியும் கையுமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். மொட்டைக் கிளைகளில் சிவப்பாகச் சில மணிகள்.

"ஏனுங்க, இது பூவுங்களா, நோவுங்களா? தண்ணி ஊத்துனப்பப் பூக்காதது ஆடு தின்னாப் பூக்குமுங்களா?"

நோவென்றால் பக்கத்துக் கொய்யாவும் கெட்டுப்போகும். வாக்கு வேறு கொடுத்தாயிற்று. இரண்டு தரம் கோடாலியைத் தூக்கினார், இரண்டு தரமும் இறக்கினார். பிறகு பழைய பாடத்தையே பிடித்துக்கொண்டார்.

"காய்க்கிறயா, வெட்டட்டுமா?"

குடத்தோடு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்த நல்லம்மாள் நின்றாள். கிட்டே வந்து ஒரு மணியை நகத்தால் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக இதழ்கள் மடிந்திருந்தன. முகர்ந்து பார்த்தாள்.

"வேண்டாமுங்க, வார வருசம் காய்ச்சிரும்" என்று சொல்லி, மிளகாய்க்குக் கொண்டுவந்த குடத்தை அந்த மரத்தின் வேரில் கவிழ்த்தாள்.