லேபிளில் எழுதாத வரி

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ‘லேபிள் அக்கா’ என்று பேர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். மருந்துப் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் ஒரு சொல் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று இருந்தால் போதாது, எவ்வளவு நேரம் பின் என்றும் இருக்க வேண்டும். ‘ஒரு கரண்டி’ என்று எழுதினால் எந்தக் கரண்டி என்று கேட்பாள். இவளுக்குப் பயந்து டாக்டர்களே கையெழுத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியாவது நிஜமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு லேபிளைத் தெரிந்தே குறையாக எழுதி, வருடா வருடம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வருடக் கடைசி விடுமுறைக்கு அவள் யாருக்கும் கடைப் பரிசு வாங்குவதில்லை. பதினான்கு கண்ணாடி ஜாடிகள் வைத்திருந்தாள். அடியில் சமையல் சோடாவும் உப்பும் கலந்த மாவு, அதன்மேல் ஓட்ஸ், அதன்மேல் பழுப்புச் சர்க்கரை, பிறகு வெள்ளைச் சர்க்கரை, உச்சியில் சாக்லேட் துண்டுகள். ஒவ்வொன்றையும் கிராம் பிசகாமல் நிறுத்து, டம்ளரின் அடியால் அழுத்தி அழுத்தி அடுக்குவாள். எது எத்தனை கிராம் என்று லேபிளிலும் எழுதுவாள். மூடிக்கு மேல் துணி வைத்துக் கட்டுவது காயத்துக்குச் சுற்றும் பட்டி. மருத்துவமனைப் பட்டி இல்லை, சொந்தமாக வாங்கியது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். வாங்கிப் போகிறவர்கள் அதில் ஒரு முட்டையும் நூறு கிராம் உருக்கிய வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, உருட்டித் தட்டில் வைத்து, ஓவனில் பன்னிரண்டு நிமிடம் சுட்டால் குக்கீஸ். ஜாடியைக் கழுவி, லேபிளை ஊறவைத்து உரித்து, புது வருடம் பிறந்த முதல் வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது எழுதாத சட்டம்.

எழுதாத இன்னொன்றும் இருந்தது. பிசைந்த மாவைச் சுடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஓவன் சூட்டில் வெண்ணெய் முந்திக்கொண்டு ஓடிவிடும். பன்னிரண்டு உருண்டைகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டு முழுக்கப் பரவி, ஓரம் கருகி, நடுவில் பல்லில் ஒட்டும் ஒரே அட்டையாக வந்து சேரும்.

முதல் வருடம் அது வேண்டுமென்று விட்டதில்லை. சீட்டு சின்னது, எழுத்து பெரிது, கடைசி வரிக்கு இடம் போதவில்லை. ஜாடிகளோடு, தான் சுட்டதும் ஒரு டப்பா வேலைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் நீட்டியிருந்தாள். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனால் தலைமை நர்ஸ் ஜன்னலில் தலையை நீட்டி, “எங்க வீட்ல அட்டையா வந்துச்சு. அதே மாவு, நீங்க சுட்டா மட்டும் எப்படி அப்படி வருது? அது உங்க கைப்பக்குவம்” என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

அதுவரை அவளைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சமையல் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்பது பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுக்கும் தெரிந்த விஷயம். வீட்டில் குழம்பு வைப்பது வீட்டுக்காரர்தான். வேலையிலோ, ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அவள் ஒரு கை, அவ்வளவுதான். சீட்டை வாங்கும், மருந்தை நீட்டும். சரியாகக் கொடுத்த மருந்துக்கு யார் பாராட்டப்போகிறார்கள்? ஆக, ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாக ஒரு நல்ல பேர் தானாக வந்து மடியில் விழுந்தது. அதை எழுந்து உதறிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வருடம் பெரிய சீட்டாகத்தான் வாங்கினாள். எழுதி முடித்த பிறகும் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் ஊர் பிடித்துவிடும். ஒற்றை வரியை மறைத்தவளை யார் பிடிப்பது? நர்ஸும் மற்றவர்களும் ஒரு வருடம் சிரித்தார்கள், மறு வருடம் ஆறின வெண்ணெயைப் போட்டோ மாவைக் கூட்டியோ எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான், வீட்டுக்காரரின் தம்பி மனைவி. குடும்பத்தில் அவளுக்குச் ‘சின்னவள்’ என்று பேர்.

சின்னவள் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவி, டீ போடுகிறவள். டீ அபாரமாகப் போடுவாள். வாத்தியார்கள் அவள் டீக்காகவே மணி அடிக்கும் முன்பு வகுப்பை விட்டுவிடுவதாகச் சொல்வார்கள். ஓரகத்திகளுக்குள் இருக்கும் உரசல் எதுவும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இல்லை. மூத்தவள் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை என்று இருப்பவள் அவள். ஜாடி கைக்கு வந்த அன்றே லேபிளை வாய்விட்டுப் படித்து, எழுத்துப் பிசகாமல் அதன்படியே செய்வாள். வருடக் கடைசி மதியச் சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் கூடும்போது, ஒரு டப்பாவில் தன் அட்டையை உடைத்துப் போட்டு எடுத்து வருவாள். மேஜைமேல் மூத்தவளின் தட்டில் வட்ட வட்டமாக, ஒன்றுபோல ஒன்று. பக்கத்தில் இவளுடைய சில்லுகள். கொழுந்தன் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “செருப்புக்கு அடி தைக்கலாம்” என்பான். வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி எல்லோரும் அதையே மென்றுகொண்டிருப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது சின்னவளாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் வருடத்துச் சாப்பாட்டில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில் சின்ன டீக்கடை ஒன்று இருந்தது. அதை நடத்துகிறவர் மகளோடு போய் இருக்கப்போகிறார். “நீ எடுத்து நடத்துறியாம்மா” என்று இவளைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

“டீ நான் பாத்துக்குவேன்” என்றாள் சின்னவள், தட்டைப் பார்த்தபடியே. “டீயோட வீட்ல சுட்ட பிஸ்கட்டும் வெச்சா, வாத்தியாருங்க, புள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வர்றவங்க எல்லாம் உக்காந்து சாப்பிட்டுப் போவாங்கன்னு தோணுது.”

“ஜாடியில அளந்து போட்டு, சீட்டு எழுதிக் குடுக்கறதையே அட்டையாக்குறவ, இவ கடை வெக்கப்போறாளாம்” என்றான் கொழுந்தன்.

மேஜையே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்காமல், தீர்ப்பு சொல்வது போலச் சொன்னாள்: “அது கைப்பக்குவம்டி. எல்லாருக்கும் வந்துடாது. பெரியவளுக்கு வந்திருக்கு.”

சின்னவள் மூத்தவளைப் பார்த்தாள். உதவிக்குப் பார்த்தாள் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். லேபிள் அக்காவுக்கு அந்த வரி தொண்டைக்குழி வரை வந்தது. ‘ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வை, எல்லாம் சரியாகிவிடும்’, இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சொன்னால், ஐந்து வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அவள் தன் தட்டிலிருந்து ஒரு குக்கீயை எடுத்துச் சின்னவளின் தட்டோரம் வைத்து, “பழகப் பழக வந்துடும்” என்றாள்.

கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். சின்னவள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. வருடா வருடம் ஜாடியை வாங்கிக்கொண்டாள், வருடா வருடம் பளிச்சென்று கழுவித் திருப்பிக் கொடுத்தாள். கடைசி மூன்று வருடமாக டப்பா மட்டும் மேஜைக்கு வருவதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இது பதினோராவது வருடம். விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மருந்து ஜன்னலுக்கு ஒரு பெரியவர் வந்தார். மாத்திரை விழுங்க முடியாதவர் என்று திரவ மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் குடித்தும் காய்ச்சல் விடவில்லையாம். பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். மருந்து அத்தனையும் அடியில் கெட்டியாகப் படிந்து கிடந்தது. மேலே நின்ற தண்ணீரை மட்டும் ஒரு வாரமாக அளந்து குடித்திருக்கிறார். ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்ற வரி லேபிளில் இல்லை. ஸ்டோரிலிருந்து மாற்றலாகி வந்த ஆள் விட்டுவிட்டிருக்கிறான்.

“அவங்க மேல தப்பில்லம்மா” என்றார் பெரியவர். “என் ஒடம்பு வாகு அப்படி. எந்த மருந்துக்கும் கேக்காது.”

அவருக்குப் புதுப் பாட்டில் கொடுத்து, குலுக்கிக் காட்டி, டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொல்லி அனுப்பினாள். பிறகு அந்த ஆளைப் பிடித்துக்கொண்டாள். “அரைகுறையா எழுதின லேபிள், பொய் எழுதின லேபிளவிட மோசம். பொய்யின்னா எப்பவாவது மாட்டும். இது, குடிச்சவன் தன்மேலயே பழியப் போட்டுக்குவான்” என்று இரைந்தாள். சொல்லி முடித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த சீட்டை யாரோ ஜன்னலில் நீட்டிக்கொண்டே இருந்தார்கள், அவளுக்குக் கை எழவில்லை. தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை, முழு லேபிள் ஒட்டிய ஜாடியோடு சின்னவள் வீட்டுக்குப் போனாள். மற்ற பதின்மூன்றிலும் எல்லா வரியும் எழுதியாகிவிட்டது. இங்கே எழுதினால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும்.

கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தான். சின்னவள் கேண்டீன் ஏப்ரன்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்து போனது.

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுக்கா. நான் இப்பல்லாம் சுடறதில்ல. கீழ் வீட்டுக்காரங்களுக்குக் குடுத்துட்டு, ஜாடிய மட்டும் வாங்கிக் கழுவி வெப்பேன். உங்க சாமான் எங்கிட்ட வந்து வீணாப் போகுதேன்னுதான்.”

“இன்னிக்கு நீ சுடு. நான் கூட இருக்கேன்” என்றாள் லேபிள் அக்கா. “லேபிள முழுசாப் படி.”

சின்னவள் பழையபடி வாய்விட்டுப் படித்தாள். “பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில்… இது புதுசா இருக்கே?”

“ம்” என்றாள் மூத்தவள். அங்கேயே சொல்லியிருக்கலாம்.

மாவு ஃப்ரிட்ஜுக்குப் போனது. ஒரு மணி நேரம். சின்னவள் நான்கு ஏப்ரன்களுக்கு இஸ்திரி போட்டாள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்ற கதையைச் சொன்னாள். லேபிள் அக்கா ஐந்து முறை வாயைத் திறந்தாள். ஐந்து முறையும் தலைமையாசிரியையைப் பற்றியே ஏதோ கேட்டு வைத்தாள்.

தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்தது. பன்னிரண்டு வட்டங்கள், ஒன்றையொன்று தொடாமல், நடுவில் லேசாக வெடித்து, ஓரம் பொன்னிறமாக. சின்னவள் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களாக்கா” என்றாள். “நீங்க பக்கத்துல நின்னீங்க, வந்துடுச்சு. எல்லாம் உங்க கை ராசி.”

அதற்கு மேல் லேபிள் அக்காவால் தாங்க முடியவில்லை.

“கையுமில்ல, ராசியுமில்ல. அந்த ஒரு மணி நேரம்தான். அத நான் லேபிள்ல எழுதல. மொத வருஷம் இடமில்லாம விட்டுப்போச்சு. அப்புறம் வேணும்னேதான் விட்டேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தது நல்லா இருந்துச்சு.”

சின்னவள் தட்டை மேடைமேல் வைத்தாள். கரண்டியால் ஒவ்வொரு குக்கீயாக எடுத்து வேறொரு தட்டில் வைத்தாள், உடையாமல். ஏழெட்டு எடுத்த பிறகுதான் பேசினாள்.

“அன்னிக்குக் கடை பத்திப் பேசினப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பழகப் பழக வந்துடும்னு சொன்னீங்க.” சின்னவளின் குரல் உயரவே இல்லை. “நான் பழகினேன்கா. ஜாடி தீந்தப்புறம் நானே மாவு, சர்க்கரை எல்லாம் வாங்கி, உரிச்செடுத்து வெச்ச உங்க லேபிளப் பாத்துப் பாத்து வாராவாரம் சுட்டேன். ரெண்டு வருஷம். அவர் வேலைக்குப் போனதும் சுடுவேன். வரலைன்னா காகிதத்துல சுத்திக் குப்பையில போட்டுட்டு, வாசன போகறதுக்கு ஜன்னலத் தெறந்து வெப்பேன். அவர் பாத்தா சிரிப்பாருன்னு.”

“வேற யாரையாவது கேட்டிருக்கலாமேடி” என்று வாயில் வந்துவிட்டது லேபிள் அக்காவுக்கு. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எதுக்குக் கேக்கணும்? லேபிள் எழுதினது நீங்க. அதுல தப்பிருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? எனக்குக் கை சரியில்லன்னுதான் தோணுச்சு.”

மன்னித்துவிடு என்று லேபிள் அக்கா சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். சின்னவள் அடுப்பில் தண்ணீர் வைத்து டீ போட்டாள். எப்போதும் போல நல்ல டீ. தட்டில் இரண்டு குக்கீஸ் வைத்து மூத்தவள் பக்கம் தள்ளினாள். தான் ஒன்றை எடுத்து, கடிக்காமல், திருப்பித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறியது. அவளுடைய டீயை ஆறவிட்டவர்கள் அதுவரை யாரும் கிடையாது.

கிளம்பும்போது சின்னவள் வாசல் வரை வந்தாள். கையில் ஜாடி. உள்ளே மாவு அப்பியிருந்தது, அடியில் சர்க்கரை ஒட்டிக் கிடந்தது, லேபிள் அப்படியே இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் ஜாடியைத் துடைத்துப் பளபளப்பாக்காமல் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

“இத நீங்களே கழுவிக்குங்கக்கா” என்றாள்.

அதைத் தவிர ஒரு கடுஞ்சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. லேபிள் அக்கா பஸ்ஸில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் எதிரில் வந்து, “என்ன, சின்னவ கழுவிக் குடுக்கலையா?” என்று கேட்டார். “இனிமே இது என் வேலை” என்று சொல்லிவிட்டு, நேராகப் போய்க் குழாயைத் திறந்தாள்.