உப்பு ஜாடியில் ஓர் ஐம்பது காசு

கணவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, கிள்ளான் வீட்டில் அடுப்படியை ஒழித்துக்கொண்டிருந்தேன். மகள் தன்னோடு பங்சாருக்கு வந்துவிடச் சொல்லியிருந்தாள். சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

உப்பு ஜாடியின் அடியில் கல்லுப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தினேன். பெயர்ந்த கட்டியோடு ஓர் ஐம்பது காசு நாணயமும் வந்தது. பச்சை பூத்து, ஒரு பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு போல அரித்திருந்தது. இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று, செல்வம் தங்கட்டும் என்று நான்தான் அதைப் போட்டேன். அப்புறம் மேலே மேலே உப்பைக் கொட்டியதோடு சரி.

அவர் பழைய காசு சேர்ப்பவர். அந்தக் காலத்து ஐம்பது காசின் ஓரத்தில் பொடி எழுத்து ஓடும். ஒரு வருடம் அடித்தவற்றில் சில மட்டும் எழுத்தில்லாமல் வந்துவிட்டனவாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் அதைத்தான் தேடிப் போனார். ஈரத்துணியால் துடைத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தினமும் அவர் சாப்பிட்ட குழம்பில் இந்த ஜாடி உப்புதான்.

மறுநாள் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் அவர் வழக்கமாகப் போகும் காசுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அதேதான் ஆன்டி. அங்கிள் வரும்போதெல்லாம் இததான் கேப்பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா உப்பு தின்னுடுச்சி. இந்த கண்டிஷன்ல யாரும் எடுக்க மாட்டாங்க. யாரு உப்புல போட்டா?”

“நான்தான்” என்றேன்.

அவர் எனக்கு ஒரு கோப்பை தே வரவழைத்தார். அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ, வரவில்லை. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி, காசைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார் என்றாள் மகள். சிரித்திருப்பார். இரண்டு நாள் பேசாமலும் இருந்திருப்பார். அந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், ஒன்றும் வரவில்லை. அந்த வருடத்துக்கென்று காசு ஆல்பத்தில் அவர் காலியாக விட்டிருந்த இடத்தில் உறையோடு செருகிவிட்டு, தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றத் தொடங்கினேன்.